ஆகாயக் கப்பலில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1910 முதல் 1937 வரை மனிதர்கள் டிக்கெட் வாங்கி ஆகாயக் கப்பலில் ஏறிப் போய் வந்தார்கள். யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் எரிந்த படத்தைத்தான் சொல்கிறார்கள். எரிந்தது நிஜம், அதைப் பற்றியும் கீழே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இத்தனை வருடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறியவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும்.

ஆகாயக் கப்பல் என்றால் பெரிய பலூன்தானே?

இல்லை. பலூன் காற்று இழுக்கும் பக்கம் போகும். ஆகாயக் கப்பலுக்கு இன்ஜின் உண்டு, சுக்கான் உண்டு, போய்ச் சேர வேண்டிய ஊர் உண்டு. ஜெர்மனியின் செப்பலின் கம்பெனி கட்டிய பெரிய கப்பல்களுக்கு உள்ளே டூராலுமின் என்ற அலுமினியக் கலவையால் ஒரு எலும்புக்கூடு. அதன் மேல் பருத்தித் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அலுமினியத் தூள் கலந்த பூச்சைப் பூசுவார்கள். படங்களில் வெள்ளி மாதிரி மின்னுவது அதனால்தான். அந்தக் கூட்டுக்குள் வாயுப் பைகள் தனித்தனியாக வரிசையாக இருக்கும். ஹிண்டன்பர்க்கில் 16 பைகள். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும்.

அளவு தெரிய வேண்டுமா? ஹிண்டன்பர்க்கின் நீளம் 245 மீட்டர். இன்றைய ஏர்பஸ் ஏ380 விமானங்கள் மூன்றை வரிசையாக நிறுத்தினாலும் அதன் நீளத்துக்கு எட்டாது.

அவ்வளவு பெரிய பொருள் எப்படி மிதந்தது?

ஹைட்ரஜன் காற்றைவிட மிகவும் லேசு. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோவைத் தூக்கும். ஹிண்டன்பர்க் கொண்டது 2 லட்சம் கன மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 டன்னைத் தாண்டிவிடும். கப்பலின் சொந்த எடை, எரிபொருள், தண்ணீர், சாப்பாடு, பெட்டி படுக்கை, ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மிதப்பதைவிடச் சிரமம் அந்தச் சமநிலையைக் காப்பாற்றுவதுதான். இன்ஜின் ஓட ஓட எரிபொருள் தீரும், கப்பல் லேசாகும், மேலே ஏறப் பார்க்கும். ஏறாமல் பிடிக்க ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டும். வெளியே விட்ட வாயு போனது போனதுதான். 1928-ல் பறக்கத் தொடங்கிய கிராஃப் செப்பலின் கப்பலில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எரிபொருளையே வாயுவாக வைத்துக்கொண்டார்கள். ஹெர்மன் பிளாவ் என்ற வேதியியலாளர் பெயரால் பிளாவ் வாயு என்று சொல்லப்பட்ட அதன் எடை ஏறக்குறைய காற்றின் எடையேதான். அது எரிந்து தீரத் தீர அந்த இடத்தில் காற்று வந்து நிரம்பும். எடை மாறாது! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இந்த யோசனை அலுப்பதே இல்லை.

அந்தக் கப்பலின் ஹைட்ரஜன் பைகளைச் செய்ததும் வேடிக்கையான சங்கதி. துணியில் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை ஒட்டிச் செய்தார்கள். ஒரு மாட்டிலிருந்து கிடைப்பது சின்னத் துண்டு. அப்படிக் கணக்கற்ற துண்டுகளைக் கழுவி, சுரண்டி, ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஹைட்ரஜனைக் கசியாமல் பிடித்துவைக்க அதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை.

யார் ஆரம்பித்தது?

ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பலின் என்ற ஜெர்மன் பிரபு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தொடங்கிய வேலை. முதல் கப்பல் 1900 ஜூலை 2 அன்று, தெற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரி மேல் எழும்பியபோது அவருக்கு வயது 61.

அவர் வாழ்க்கையில் திருப்பம் 1908-ல் வந்தது. ஆகஸ்ட் 5 அன்று நான்காவது கப்பல் எக்டர்டிங்கன் என்ற ஊரில் இறங்கி நின்றபோது புயல்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது, தீப்பிடித்து எரிந்தது. எழுபது வயது மனிதர், கையிலிருந்த பணமெல்லாம் அதில்தான் போட்டிருந்தார். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஜெர்மனி முழுவதிலிருந்தும் ஜனங்கள் அவர்களாகவே பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சேர்ந்த தொகை 60 லட்சம் மார்க்குக்கு மேல். செப்பலின் கம்பெனி ஊர் கூடித் தூக்கிவிட்ட கம்பெனி.

அடுத்த ஆண்டு, 1909 நவம்பரில், டெலாக் என்ற நிறுவனம் தொடங்கியது. உலகின் முதல் விமானப் போக்குவரத்து நிறுவனம் அதுதான். 1910-ல் அதன் முதல் கப்பல் காட்டில் மரங்கள் மேல் விழுந்து நொறுங்கியது, ஆனால் யாரும் சாகவில்லை. 1914-ல் யுத்தம் வரும்வரை 1,500-க்கும் மேற்பட்ட பயணங்கள், சுமார் 34,000 பேர், ஒரு பயணியின் உயிர்கூடப் போகவில்லை. அந்தக் கப்பல் ஒன்றில் 1912-ல் வேலைக்குச் சேர்ந்த ஹைன்ரிக் குபிஸ்தான் உலகின் முதல் விமானப் பணியாளர். அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறார்.

உள்ளே பயணம் எப்படி இருக்கும்?

எந்தக் கப்பல் என்பதைப் பொறுத்தது. கிராஃப் செப்பலினில் முன்பக்கம் அடியில் ஒட்டிய ஒரு நீளமான கூண்டில்தான் எல்லாம்: ஓட்டும் அறை, சமையலறை, சாப்பிடவும் உட்காரவும் ஒரே கூடம், பின்னால் இரண்டிரண்டு பேருக்குப் பத்து அறைகள். வெப்பமூட்டும் வசதி கிடையாது. குளிர்ப் பிரதேசத்தில் கோட்டோடுதான் சாப்பாட்டு மேசைக்கு வருவார்கள்.

1936-ல் வந்த ஹிண்டன்பர்க்கில் பயணிகளின் இடம் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே, இரண்டு தளமாக. சாப்பாட்டுக் கூடம், உட்காரும் கூடம், எழுதவும் படிக்கவும் ஓர் அறை. 1936-ல் ஒரு பியானோகூட இருந்தது; எடை குறைய வேண்டுமென்று அலுமினியத்தில் செய்து, பன்றித் தோல் போர்த்தியது. படுக்கும் அறை மட்டும் ரயில் பெட்டி மாதிரிதான்: மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, மடக்கி வைக்கும் வாஷ்பேசின், அதில் சுடுதண்ணீர். அதற்கு ஜன்னல் கிடையாது. அங்கே தூங்க மட்டும்தான் போவார்கள்.

பகல் முழுவதும் எல்லோரும் இருந்தது இரு பக்கமும் இருந்த நடைகூடத்தில். அங்கே ஜன்னல்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், குனிந்தால் நேர் கீழே தெரியும். கப்பல் வழக்கமாகப் பறந்தது சுமார் 200 மீட்டர் உயரத்தில். இன்றைய விமானம் பறப்பது பத்தாயிரம் மீட்டருக்கு மேல். 200 மீட்டரில் வயலில் நிற்கும் ஆள் தெரியும், அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டுவது தெரியும். அப்புறம், அந்த ஜன்னல்களைத் திறக்கலாம். இன்ஜின்கள் தூரத்தில் பின்னால் இருந்ததால் இரைச்சல் குறைவு. கீழே நாய் குரைப்பது கேட்டது என்று பயணம் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கப்பலின் நிழல் ஊர் மேல் ஊர்ந்து வரும்போது நாய்கள் சும்மா இருக்குமா?

தலை சுற்றல், குமட்டல்?

பெரும்பாலும் இல்லை. கிளம்பியதே தெரியவில்லை, ஜன்னல் வழியே பார்த்தபோது தரை விலகிக்கொண்டிருந்தது என்றவர்கள் பலர். கடல் கப்பலில் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து அமெரிக்கா போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹைட்ரஜன் கப்பலில் புகைபிடிக்க அறை இருந்ததாமே, நிஜமா?

நிஜம். ஹிண்டன்பர்க்கின் கீழ்த்தளத்தில். உள்ளே போக இரட்டைக் கதவு. அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்று அதிகமாக வைத்திருந்தார்கள். எங்காவது ஹைட்ரஜன் கசிந்தாலும் அறைக்குள் வராது. நெருப்பு என்று இருந்தது ஒரே ஒரு மின்சார லைட்டர். தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது கையில் சிகரெட் இருக்கிறதா என்று ஒரு பணியாளர் பார்த்துத்தான் விடுவார். அந்த அறையால் கடைசிவரை எந்தக் கெடுதலும் நேரவில்லை.

டிக்கெட் எவ்வளவு?

1936-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு வழிக்கு 400 டாலர், அடுத்த ஆண்டு 450. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அன்று அமெரிக்காவில் புதுக் காரே வாங்கலாம். பணக்காரர்கள், வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள்தான் போனார்கள். மற்றவர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள்.

அப்போது விமானம் இல்லையா? அதில் போயிருக்கலாமே?

இருந்தது, ஆனால் சமுத்திரம் தாண்டிப் பயணிகளை ஏற்றிப் போகும் அளவுக்கு இல்லை. 1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குத் தொடங்கிய சேவைக்கு ஏழு நாள் ஆனது. லண்டனிலிருந்து சுவிட்சர்லாந்து வரை விமானம், அங்கிருந்து இத்தாலியக் கரைக்கு ரயில், பிறகு கடல்விமானத்தில் எகிப்து, அப்புறம் இன்னொரு விமானம். ஒவ்வொரு இரவும் எங்காவது இறங்கித் தூங்க வேண்டும். அதே வருடம் கிராஃப் செப்பலின் என்ன செய்தது என்று பாருங்கள்.

என்ன செய்தது?

உலகத்தைச் சுற்றி வந்தது. 1929 ஆகஸ்டில், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் கிளம்பி அங்கேயே திரும்ப 21 நாள் சொச்சம். நடுவில் நின்றது மூன்றே இடம்: ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன், டோக்கியோ, லாஸ் ஏஞ்சல்ஸ். ஜெர்மனியிலிருந்து டோக்கியோவுக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல், சைபீரியா வழியாக, எங்கும் இறங்காமல், சுமார் நூறு மணி நேரத்தில். பசிபிக் கடலை நிற்காமல் பறந்து கடந்த முதல் வாகனமும் அதுதான். பயணிகளில் ஒரே பெண் பத்திரிகையாளர் லேடி கிரேஸ் டிரம்மண்ட்-ஹே. ஆகாய வழியாக உலகைச் சுற்றிய முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

கேப்டன் ஹூகோ எக்கனர். அவர் எப்படிப்பட்டவர் என்பதை லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பிய அந்த இரவு காட்டும். கலிபோர்னியாக் கரையில் தரையோடு குளிர்ந்த காற்றும் அதன் மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். இறங்கும்போது கனமான குளிர்காற்றுக்குள் கப்பல் அமிழ மாட்டேன் என்றது. ஹைட்ரஜனை நிறையத் திறந்துவிட்டுத்தான் இறக்கினார்கள். போன வாயுவை முழுக்க நிரப்ப அங்கே கிடைக்கவில்லை. ஆகவே திரும்பக் கிளம்பும்போது கப்பல் கனத்துக் கிடந்தது. முன்னே ஓடவிட்டு விமானம் போலத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. வால் தரையைத் தேய்த்தது. எதிரே, திடலின் ஓரத்தில் உயர்மின்னழுத்தக் கம்பிகள். எக்கனர் மூக்கை உயர்த்தினார். முன்பக்கம் கம்பியைத் தாண்டியது. அப்படியே போயிருந்தால் தாழ்ந்திருந்த வால் கம்பியில் மாட்டியிருக்கும். மூக்கு தாண்டிய உடனே அதைக் கீழே அழுத்தச் சொன்னார். மூக்கு தாழ, வால் எழும்பி, மயிரிழையில் கம்பிக்கு மேலே போனது. ஹைட்ரஜன் நிரம்பிய 236 மீட்டர் கப்பலை ஊஞ்சல் பலகை மாதிரி கம்பிக்கு மேல் சாய்த்துத் தாண்ட வைத்தவர் அவர்.

அந்தக் கப்பல் மொத்தம் 590 பயணம், 17 லட்சம் கிலோமீட்டர் பறந்தது, 13,000 பேருக்கு மேல் ஏறினார்கள். ஜெர்மனிக்கும் பிரேசிலுக்கும் இடையே கால அட்டவணை போட்டு ஓடியது. பயணி ஒருவருக்கும் காயமில்லை. ஹிண்டன்பர்க் பெயர் தெரிந்த எல்லோருக்கும் இந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தியாவுக்கு ஆகாயக் கப்பல் வந்ததா?

வரக் கிளம்பியது, வந்து சேரவில்லை. பிரிட்டிஷ் அரசு தன் சாம்ராஜ்யத்தை ஆகாயக் கப்பல்களால் இணைக்க நினைத்தது. ஆர்101 என்ற கப்பலைக் கட்டி, கராச்சியில் அதற்காகப் பிரம்மாண்டமான கொட்டகையும் எழுப்பியது. பரிசோதனைகள் சரியாக முடியவில்லை. ஆனால் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு இந்தியா போய்விட்டு லண்டன் மாநாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் அவசரம். 1930 அக்டோபர் 4 மாலை, மழையும் காற்றுமாக இருந்த வானத்தில் கிளம்பினார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் பிரான்சில் போவே நகரத்தருகே தாழ்ந்து தரையில் மோதி எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள், தாம்சனும் அதில் ஒருவர். ஹிண்டன்பர்க்கைவிட அதிக உயிர்கள். கேமரா இல்லாததால் உலகம் அதை மறந்துவிட்டது.

கராச்சிக் கொட்டகை எந்தக் கப்பலையும் காணவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, அதே கராச்சியிலிருந்து புஸ் மாத் என்ற ஒரு குட்டி விமானம் தபால் மூட்டையோடு கிளம்பியது. ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். நம் பக்கம் வான்வழித் தபால் அப்படித்தான் வந்தது.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆகாயக் கப்பலைக் கட்டுவார்களா?

அப்படி விளம்பரம் செய்தார்கள். அந்த உயரத்துக் காற்றில் முடியாத காரியம். 1931-ல் ஒரு சிறு கப்பல் சில நிமிடம் கயிற்றால் பிடித்து நின்றது, அவ்வளவுதான். பயணிகள் யாரும் அங்கே இறங்கியதில்லை.

ஹிண்டன்பர்க்கில் அன்று என்ன நடந்தது?

1937 மே 6. எதிர்க்காற்றால் அரை நாள் தாமதமாக லேக்ஹர்ஸ்ட் வந்தது. வந்தபோது இடியும் மழையும். வானம் வெளுக்கும்வரை சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாலை 7:21-க்கு முன்பக்கத்திலிருந்து கயிறுகளைக் கீழே போட்டார்கள், தரையில் நின்ற ஆட்கள் பிடித்தார்கள். 7:25-க்கு வால் அருகே தீ. அரை நிமிடத்தில் முழுக் கப்பலும் தரையில்.

காரணம் பற்றிச் சண்டை இன்றும் ஓயவில்லை. பின்பகுதியில் ஒரு பையிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்க வேண்டும், நனைந்த கயிறு தரையைத் தொட்டபின் கூட்டுக்கும் மேல்துணிக்கும் இடையே நிலைமின்சாரப் பொறி பறந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்பது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. குண்டு வைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்கள் பயணிகள் 13 பேர், ஊழியர்கள் 22 பேர், தரையில் நின்ற ஒருவர். ஹைட்ரஜன் தீ மேல்நோக்கிப் போகும். தரை நெருங்கியபோது குதித்தவர்கள் ஓடித் தப்பினார்கள். வெர்னர் ஃபிரான்ஸ் என்ற எடுபிடிப் பையனுக்கு 14 வயது. தீ துரத்திவரும்போது தலைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவனை நனைத்தது. சாமான் ஏற்றும் கதவை உதைத்துத் திறந்து குதித்து, கூடு மேலே விழுவதற்குள் ஓடிவிட்டான். 2014 வரை வாழ்ந்தார். நினைவில் வைக்கச் சொன்னேனே, குபிஸ்? தலைமைப் பணியாளராக அன்று கப்பலில் இருந்தார். அவரும் பிழைத்தார்.

எரியாத ஹீலியத்தை நிரப்பியிருக்கலாமே?

அந்தக் காலத்தில் ஹீலியம் அமெரிக்காவிடம் மட்டுமே போதிய அளவு இருந்தது. ஏற்றுமதிக்குச் சட்டத்தில் தடை. விபத்துக்குப் பிறகு தருவதாக இருந்தார்கள், ஆனால் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின் அமைச்சர் ஹாரல்ட் இக்கீஸ் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த மறுப்பில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

ஆனால் ஹீலியம் இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதும் தவறு. அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரான் ஹீலியக் கப்பல்தான். 1933 ஏப்ரலில் புயலில் கடலில் விழுந்து 76 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீயில்லை, குளிர்ந்த தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதன் ஜோடிக் கப்பல் மேக்கனும் 1935-ல் கடலில் போனது. அவ்வளவு பெரிய உடம்புக்குக் காற்றும் புயலுமே முதல் எதிரி.

வாலில் ஸ்வஸ்திகா இருக்கிறதே, இவை நாஜிகளின் கப்பல்களா?

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் கப்பல்களைப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. எக்கனருக்கு அவர்களைப் பிடிக்காது. 1933-ல் கிராஃப் செப்பலின் சிகாகோ போனபோது வாலின் இடப்பக்கம் ஸ்வஸ்திகா, வலப்பக்கம் ஜெர்மனியின் மூவண்ணம். அவர் நகரத்தை வலமாகச் சுற்றினார். ஊரைப் பார்த்து இருந்தது வலப்பக்கம் மட்டுமே. பின்னர் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால் அந்த ஒரு தீயால்தான் எல்லாம் முடிந்ததா?

தீ முடிவை விரைவாக்கியது. அந்த முறை திரும்பும் பயணத்துக்கு எல்லா இடமும் விற்றுத் தீர்ந்திருந்தது. ஜனங்களுக்கு ஆசை குறையவில்லை. ஆனால் 1939 ஜூனில் பான் ஆம் கம்பெனியின் கடல்விமானங்கள் அட்லாண்டிக்கில் பயணிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டன. நேரமும் குறைவு. ஒரு செப்பலினை ஓட்ட நாற்பது அறுபது பேர், இறக்கத் தரையில் நூற்றுக்கணக்கானவர்கள். அந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? யுத்தம் வந்தது. 1940-ல் ஹிட்லரின் விமானத்துறை அமைச்சர் கோரிங் உத்தரவுப்படி மிஞ்சிய இரண்டு கப்பல்களையும் அலுமினியத்துக்காக வெட்டினார்கள். கிராஃப் செப்பலினை ஒரு மியூசியமாகவாவது விட்டிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

இப்போது எதையாவது பார்க்க முடியுமா, ஏற முடியுமா?

பார்க்கலாம். ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் அருங்காட்சியகத்தில் ஹிண்டன்பர்க்கின் ஒரு பகுதியை அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். படியேறி அறைகளுக்குள் போகலாம். ரியோ டி ஜெனிரோ அருகே சாண்டா குரூஸில் செப்பலின் கொட்டகை அப்படியே நிற்கிறது. லேக்ஹர்ஸ்ட்டில் விழுந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஏறவும் செய்யலாம். செப்பலின் என்டி என்ற 75 மீட்டர் கப்பல், ஹீலியம் நிரப்பியது, பதினைந்துக்கும் குறைவான பயணிகளோடு ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து கிளம்புகிறது. பறப்பது 1900-ல் முதல் கப்பல் எழும்பிய அதே ஏரி மேல், சுமார் 300 மீட்டர் உயரத்தில். அதிலும் ஜன்னல் திறக்கும்.